சுகர் 104, ட்ரைகிளிசரைடு 212: இந்த ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

புதிதாகப் படிப்பவர்களுக்காகக் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வயது 38, ஆண், உயரம் 170 செ.மீ., எடை 70 கிலோ. அலுவலகத்தில் நடந்த மாஸ்டர் செக்கப்பில் வெறும் வயிற்று சுகர் 104, எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரி சுகர்) 5.8, மொத்தக் கொலஸ்ட்ரால் 184, ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடுகிற கொழுப்பு) 212, எச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்) 34, எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 108, எஸ்ஜிபிடி (கல்லீரல் எண்) 58, யூரிக் ஆசிட் 7.4. பிரஷர் 132/86. குடிப்பழக்கம் கிடையாது. செக்கப்பில் பார்த்த டாக்டர் "எல்லாம் பார்டர்தான்" என்று அனுப்பிவிட்டார், நண்பர் ஒருவர் இது மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்கிறார். உறுதியாகத் தெரிந்துகொள்ள எந்த ரத்தப் பரிசோதனை எடுக்கலாம், இன்சுலினா, சிஆர்பியா, மாத்திரை தேவைப்படுமா என்பது கேள்வி.

நண்பர் சொன்னது சரி. உறுதி செய்யப் புதிதாக எதுவும் எடுக்க வேண்டாம், கையில் இருக்கிற ரிப்போர்ட்டே போதும். நான் பயோகெமிஸ்ட்ரி படித்துவிட்டு லேபில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்க்கிறவன். மருந்து எழுதுகிற டாக்டர் இல்லை, அதனால் மாத்திரை விஷயத்தைக் கடைசியில் அளவோடுதான் சொல்வேன். ஆனால் எண்களைப் படிப்பது என் அன்றாட வேலை.

மெட்டபாலிக் சிண்ட்ரோம் ஒரு டெஸ்ட்டில் பாசிட்டிவ், நெகட்டிவ் என்று வருகிற வியாதி கிடையாது. நீரிழிவுக்கும் மாரடைப்புக்கும் வழிவிடுகிற ஐந்து விஷயத்தில் மூன்று இருந்தால் அந்தப் பெயர். இடுப்புச் சுற்றளவு நம் ஊர் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. அல்லது அதற்கு மேல். ட்ரைகிளிசரைடு 150 அல்லது மேல். எச்டிஎல் ஆண்களுக்கு 40க்குக் கீழ், பெண்களுக்கு 50க்குக் கீழ். பிரஷரில் மேல் எண் 130 அல்லது கீழ் எண் 85ஐத் தொட்டால். வெறும் வயிற்று சுகர் 100 அல்லது மேல். இதில் ஒன்றுக்கு ஏற்கனவே மாத்திரை எடுப்பவர் என்றால் அதுவும் கணக்கில் சேரும். 2009ல் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு, அமெரிக்க இதய சங்கம் உட்படப் பல அமைப்புகள் சேர்ந்து ஒத்துக்கொண்ட கணக்கு இது. இடுப்பை அளக்காமலே உங்களுக்கு நான்கு வந்துவிட்டது.

அப்புறம் ஏன் "பார்டர்" என்று தோன்றுகிறது? பல லேப்களில் வெறும் வயிற்று சுகருக்கு நேராக இன்னமும் 70–110 என்றுதான் அச்சாகிறது, ஏனென்றால் உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை 110, அமெரிக்க நீரிழிவு சங்கத்தின் எல்லை 100. அதனால் உங்கள் 104 தடித்த எழுத்தில் வந்திருக்காது. எச்டிஎல்லில் இதைவிட மோசம். ஆண், பெண் இருவருக்கும் சேர்த்து 40 என்று ஒரே எல்லையைப் போட்டுவிடுகிறார்கள். என் அண்ணிக்கு நான்கைந்து வருடமாக எச்டிஎல் 43, 44 என்றே வந்துகொண்டிருந்தது, ரிப்போர்ட்டில் அது நார்மல், ட்ரைகிளிசரைடு 160ஐ ஒட்டி. பெண்ணுக்கு எல்லை 50 என்று வைத்துப் பார்த்தால் இரண்டு புள்ளி அங்கேயே சேர்ந்துவிட்டது, இடுப்போடு மூன்று. இரண்டாவது பிரசவத்தில் அவருக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தது, அதை யாரும் இந்த எண்களோடு சேர்த்துப் பார்க்கவே இல்லை. உங்கள் வீட்டுப் பெண்களின் ரிப்போர்ட்டை எடுத்து இந்த ஒரு வரியை மட்டுமாவது இன்றைக்கே பாருங்கள்.

இடுப்பளவு பற்றி. "பேன்ட் சைஸ் 34தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். தொப்பை விழுந்தவர்கள் பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழேதான் போடுகிறோம், அதனால் பேன்ட் சைஸ் இடுப்பளவு ஆகாது. சட்டையைத் தூக்கிவிட்டு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் தையல்காரர் டேப்பைச் சுற்றி, மூச்சை இயல்பாக வெளியே விட்டபிறகு, வயிற்றை எக்காமல் பாருங்கள். 90 செ.மீ. என்றால் ஏறக்குறைய 35 அரை இன்ச். 34 சைஸ் போடுகிறவர்களை அளந்தால் 37, 38 வருவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எடை 70 கிலோ, பிஎம்ஐ 24.2, ஒல்லியாகத்தானே இருக்கிறேன் என்கிறீர்கள். புனேயைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக், லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின் என்று இரண்டு ஆராய்ச்சியாளர்கள். 2004ல் லான்செட் இதழில் தங்கள் இருவர் படத்தையே பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. உடலில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். நம்மவர்களின் உடல்வாகு இதுதான், கை கால் ஒல்லியாக, தசை குறைவாக, கொழுப்பு வயிற்றுக்குள்ளும் கல்லீரலுக்குள்ளும். அதனால்தான் இந்தியர்களுக்கு பிஎம்ஐ 23 தாண்டினாலே அதிக எடை என்று கணக்கு வைத்திருக்கிறார்கள்.

சரி, இந்த எண்கள் எல்லாம் ஏன் கூட்டமாக வருகின்றன? இதைப் புரிந்துகொண்டால் மீதி ரிப்போர்ட் தானாகப் புரியும்.

சாப்பிட்ட மாவுச்சத்து சர்க்கரையாகி ரத்தத்துக்கு வருகிறது, கணையம் இன்சுலினை விடுகிறது, தசை அந்தச் சர்க்கரையை எடுத்துக்கொள்ள வேண்டும். தசை இன்சுலின் பேச்சைக் கேட்காமல் போகும்போது (இதுதான் இன்சுலின் எதிர்ப்பு) கணையம் சும்மா இருப்பதில்லை, இரண்டு மடங்கு, மூன்று மடங்கு இன்சுலினைச் சுரந்து சர்க்கரையை எப்படியோ கட்டுக்குள் வைத்துவிடுகிறது. அதனால் வருடக்கணக்கில் சுகர் ரிப்போர்ட் நார்மலாகவே வரும். ஆனால் கல்லீரலில் ஒரு விஷயம் மட்டும் நிற்பதில்லை: அதிக இன்சுலினின் தூண்டுதலில் மிச்சச் சர்க்கரையைக் கொழுப்பாக மாற்றும் வேலை. இன்னொரு பக்கம் வயிற்றுக் கொழுப்பிலிருந்து கொழுப்பு அமிலங்கள் கல்லீரலுக்கு வந்துகொண்டே இருக்கின்றன. கல்லீரல் என்ன செய்யும், கொஞ்சத்தைத் தனக்குள் சேர்த்துக்கொள்ளும், அதுதான் ஃபேட்டி லிவர். மீதியை விஎல்டிஎல் என்ற பொட்டலமாகக் கட்டி ரத்தத்தில் விடும், ரிப்போர்ட்டில் ட்ரைகிளிசரைடு என்று நாம் பார்ப்பது பெரும்பாலும் அதைத்தான். ரத்தத்தில் இந்தப் பொட்டலம் அதிகமானால் எச்டிஎல்லோடு பண்டமாற்று நடக்கும். எச்டிஎல் தன் கொலஸ்ட்ராலைக் கொடுத்துவிட்டு ட்ரைகிளிசரைடை வாங்கிக்கொள்ளும், அப்படி மாறிய எச்டிஎல் சிறுத்து, சீக்கிரம் உடைந்து, சிறுநீரகம் வழியாகப் போய்விடும். ட்ரைகிளிசரைடு ஏறும்போது எச்டிஎல் இறங்குவது இதனால்தான், இரண்டும் ஒரே கதையின் இரண்டு முனைகள். இன்சுலின் அதிகமாக இருக்கும்போது சிறுநீரகம் யூரிக் ஆசிடை வெளியேற்றுவதும் குறையும், உங்கள் 7.4க்கு அது ஒரு காரணம். உப்பைப் பிடித்துவைப்பது அதிகமாகும், பிரஷருக்கு அது ஒரு காரணம். 1988ல் அமெரிக்காவின் ஜெரால்டு ரீவன் இந்தக் கூட்டத்துக்கு 'சிண்ட்ரோம் எக்ஸ்' என்று பெயர் வைத்தபோது இன்சுலின் எதிர்ப்பைத்தான் நடுவில் வைத்தார்.

லேபில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ரத்தத்தை உறையவிட்டு சென்ட்ரிஃபியூஜில் சுற்றி எடுத்தால் மேலே நிற்பது சீரம். நல்லெண்ணெய் மாதிரி மஞ்சளாக, டியூபுக்குப் பின்னால் பிடித்த பேப்பரில் எழுத்துத் தெரிகிற அளவுக்குத் தெளிவாக இருக்க வேண்டும். ட்ரைகிளிசரைடு 400, 500ஐத் தாண்டியவர் டியூப் மூன்றாம் தேங்காய்ப்பால் மாதிரி கலங்கி நிற்கும், ஆயிரத்தைத் தாண்டினால் முதல் பால்தான், இரவு ஃப்ரிட்ஜில் வைத்தால் காலையில் மேலே ஆடை கட்டியிருக்கும். அந்த அளவில் கணையம் வீங்கும் ஆபத்து உண்டு, உடனே டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்கிற ரிப்போர்ட் அது. உங்கள் 212ல் டியூப் தெளிவாகத்தான் இருந்திருக்கும். அதனாலேயே இந்த அளவு யாரையும் பயமுறுத்துவதில்லை, பத்து வருடம் அப்படியே ஓடிவிடுகிறது.

அப்படி ஓடியதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். என் சித்தப்பா ரிப்போர்ட்டுகளைத் துணிக்கடை கவரில் போட்டுப் பீரோவில் வைத்திருப்பவர், ஒன்றையும் தூக்கிப் போடமாட்டார். சுகர் 131 வந்த வருடம் அந்தக் கவரைக் கொண்டுவந்து கொடுத்தார். தரையில் தேதி வாரியாக வரிசையாக வைத்தோம். ட்ரைகிளிசரைடு 142, 168, 175, 203, 240. எச்டிஎல் 41, 39, 38, 36, 33. எஸ்ஜிபிடி 30களில் தொடங்கி 60. சுகர் மட்டும் 88, 90, 93, 96 என்று நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு ஒரே தாவலில் 131. ஒவ்வொரு வருடமும் அவர் பார்த்தது சுகரை மட்டும், ஒவ்வொரு வருடமும் "சுகர் இல்லை" என்று நிம்மதியாகக் கவரில் போட்டார். அந்தத் தரையில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு வந்த வருத்தம் இன்னும் போகவில்லை. பல வருடம் முன்னாலேயே கல்லீரல் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. சுகர்தான் கடைசியாக ஏறும், உங்களுக்கு அது இப்போதுதான் ஏறத் தொடங்கியிருக்கிறது. இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

அதனால் ரிப்போர்ட்டில் முதலில் பார்க்க வேண்டியது ட்ரைகிளிசரைடும் எச்டிஎல்லும். ஒன்றை மற்றொன்றால் வகுங்கள், 212ஐ 34ஆல் வகுத்தால் 6.2. ரீவனின் குழுவினர் 3.5க்கு மேல் போனால் இன்சுலின் எதிர்ப்பு இருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினார்கள். இது துல்லியமான எல்லைக்கோடு கிடையாது, ஆனால் செலவில்லாமல் கிடைக்கிற எண், அதுவும் 6.2 என்றால் சந்தேகப்பட இடமே இல்லை. ஒரு எச்சரிக்கை: குடிப்பவர்களுக்கு இந்தக் கணக்கு ஏமாற்றும், ஏனென்றால் மது ட்ரைகிளிசரைடை ஏற்றுவதோடு எச்டிஎல்லையும் ஏற்றிவிடும். அவர்களுக்கு ஜிஜிடி என்ற கல்லீரல் எண்ணைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எல்டிஎல் 108, நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள். பல லேப்களில் எல்டிஎல்லை அளப்பதில்லை, மொத்தத்திலிருந்து எச்டிஎல்லையும் ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துப் போடுகிறார்கள். உங்கள் எண்ணையே போட்டுப் பாருங்கள், 184லிருந்து 34ம் 42ம் போனால் 108. 1972லிருந்து இருக்கிற ஃப்ரீடுவால்டு சூத்திரம் அது, ட்ரைகிளிசரைடு 400க்கு மேல் போனால் அதைப் பயன்படுத்தவே கூடாது, அதற்குக் கீழேயும் ட்ரைகிளிசரைடு ஏற ஏற எல்டிஎல் குறைவாகக் காட்டும். இன்னொன்று, இந்த நிலையில் எல்டிஎல் துகள்கள் சிறியதாகவும் எண்ணிக்கையில் அதிகமாகவும் இருக்கும். ஒரே எடை அரிசியைப் பொன்னியாகவும் சீரகச் சம்பாவாகவும் எண்ணிப் பார்த்தால் எதில் அதிக மணிகள் வரும், அந்த மாதிரி. ரத்தக்குழாய்ச் சுவருக்குள் நுழைவது துகள்கள், எடை அங்கே கணக்கில்லை. அதனால் மொத்தத்திலிருந்து எச்டிஎல்லை மட்டும் கழியுங்கள், 184ல் 34 போனால் 150. இதற்குப் பெயர் 'நான்-எச்டிஎல்' (non-HDL), அதாவது எச்டிஎல் அல்லாத கொலஸ்ட்ரால். பொதுவாக 130க்குள் இருப்பது நல்லது. காசு செலவழித்து ஒரு கூடுதல் டெஸ்ட் எடுத்தே தீருவேன் என்றால் அப்போலிப்போபுரோட்டீன் பி (சுருக்கமாக 'அப்போ-பி') என்ற டெஸ்ட்டை எடுங்கள், அது துகள்களின் எண்ணிக்கையையே சொல்லிவிடும். லிப்போபுரோட்டீன் ஏ என்ற இன்னொரு கொழுப்புத் துகள் வேறு கதை, பரம்பரையாக வருவது, சாப்பாட்டாலும் நடையாலும் பெரிதாக மாறாது. வீட்டில் யாருக்காவது சின்ன வயதில் மாரடைப்பு வந்திருந்தால் வாழ்நாளில் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

எச்பிஏ1சி 5.8 என்பது முன்னீரிழிவு, அதாவது நீரிழிவுக்கு முந்தைய நிலை, 5.7லிருந்து 6.4 வரை அந்த வரம்பு. ஆனால் இந்த டெஸ்ட் சிவப்பணுவை நம்பியிருக்கிறது என்பதை மறக்கக்கூடாது. இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் சுகர் ஏறாமலே இது கொஞ்சம் அதிகமாகக் காட்டலாம், நம் ஊர்ப் பெண்களில் இது சாதாரணம். சிவப்பணு சீக்கிரம் உடைகிற கோளாறு இருந்தால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். ஹீமோகுளோபினைப் பார்க்காமல் எச்பிஏ1சியை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். சந்தேகம் இருந்தால் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கிற டெஸ்ட்தான் தெளிவாகச் சொல்லும், 140க்குக் கீழ் நார்மல், 200ஐத் தொட்டால் நீரிழிவு. நம்மவர்களுக்கு வெறும் வயிற்றில் நன்றாக இருந்து சாப்பிட்டபின் ஏறுவது அதிகம், அதனால் உங்களுக்கு நான் சிபாரிசு செய்யும் முதல் டெஸ்ட் இதுதான்.

இன்சுலின் டெஸ்ட்? வெறும் வயிற்று இன்சுலினையும் சுகரையும் பெருக்கி 405ஆல் வகுத்தால் வருவது ஹோமா ஐஆர், இன்சுலின் எதிர்ப்பைக் காட்டுகிற எண். உங்களுக்கு இன்சுலின் 16 என்று வைத்துக்கொண்டால் 4.1 வரும். வந்து? நமக்கு ஏற்கனவே தெரிந்ததைத்தான் அது சொல்லும். இன்சுலினை அளக்கிற கருவிகளுக்குள் ஒரே அளவுகோல் இன்னும் வரவில்லை, ஒரு லேபில் 12 வந்தது இன்னொரு லேபில் 17 வரலாம். ஆராய்ச்சிக்கு நல்லது, உங்கள் பணத்துக்கு நல்லதில்லை. சிஆர்பி உடலில் அழற்சியைக் காட்டுவது. ஹை சென்சிட்டிவிட்டி என்று கேட்டுத்தான் எடுக்க வேண்டும், 1க்குக் கீழ் நல்லது, 3க்கு மேல் இதய ஆபத்து அதிகம் என்று வகுத்திருக்கிறார்கள். ஆனால் சளி, பல் ஈறு வீக்கம், காலில் ஒரு புண் என்று எது இருந்தாலும் ஏறிவிடும், 10க்கு மேல் வந்தால் இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுக்காமல் அதைப் படிக்கவே கூடாது. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுகிற ஃபெரிட்டினும் அப்படித்தான், ஃபேட்டி லிவரில் ஏறும், அதைப் பார்த்து இரும்பு அதிகம் என்று பயப்படுகிறவர்கள் உண்டு.

எஸ்ஜிபிடி 58ஐ விடாதீர்கள். வயிறு ஸ்கேன் ஒன்று எடுங்கள், ஃபேட்டி லிவர் இருக்கும் என்றே நினைக்கிறேன். அது சாதாரணம் என்று ஒதுக்குகிற பழக்கம் இங்கே இருக்கிறது. தழும்பு விழ ஆரம்பித்திருக்கிறதா என்பதற்கு ஃபிப்-4 என்று ஒரு கணக்கு உண்டு, வயது, எஸ்ஜிஓடி (இன்னொரு கல்லீரல் எண்), எஸ்ஜிபிடி, பிளேட்லெட் நான்கும் போதும். 1.3க்குக் கீழ் வந்தால் தீவிரத் தழும்புக்கு வாய்ப்பு குறைவு. ஹெபடைடிஸ் பி, சி இரண்டையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. கூடவே டிஎஸ்எச் என்ற தைராய்டு டெஸ்ட், ஏனென்றால் தைராய்டு குறைந்தாலும் கொழுப்பு எண்கள் ஏறும், அதைச் சரிசெய்யாமல் மற்றதோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள் எடுப்பவர்களுக்கும் இதே எண்கள் வரும், டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கழுத்துப் பின்புறம், அக்குளில் கறுத்து வெல்வெட் மாதிரி தடித்திருக்கிறதா என்று வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். அழுக்கு என்று நினைத்துப் பீர்க்கங்காய் நாரால் தேய்ப்பார்கள். அது இன்சுலின் அதிகம் இருப்பதற்குத் தோல் காட்டுகிற அடையாளம், தேய்த்தால் போகாது.

என்ன செய்யலாம் என்றால், இந்தக் கூட்டத்தில் மிகச் சீக்கிரம் அசைவது ட்ரைகிளிசரைடு. இரண்டு மூன்று மாதத்திலேயே மாற்றம் தெரியும். சென்னையில் நடந்த ஆய்வில் பாலிஷ் செய்த அரிசி போன்ற தானியங்களை அதிகம் சாப்பிடுகிறவர்களுக்கு மெட்டபாலிக் சிண்ட்ரோம் தெளிவாக அதிகமாக இருந்தது. சோற்றை விட்டுவிடு என்று யாரிடமும் நான் சொல்வதில்லை, ஒரு வாரத்துக்கு மேல் யாரும் கேட்பதும் இல்லை. தட்டில் சோற்றைப் பாதியாக்கிப் பொரியல், கூட்டு, சுண்டல், முட்டை, மீன் என்று மீதியை நிரப்புங்கள், சாம்பாருக்கு ஒருமுறை ரசத்துக்கு ஒருமுறை மோருக்கு ஒருமுறை என்று மூன்று தடவை சோறு போடுவதை ஒன்றாக்குங்கள். சர்க்கரை போட்ட டீ, காபி, பழச்சாறு மூன்றும் நேராகக் கல்லீரலுக்குப் போகிற சாமான்கள். சாப்பிட்டபின் பதினைந்து நிமிடம் நடப்பதற்குத் தனி மதிப்பு உண்டு, வேலை செய்கிற தசை இன்சுலின் உதவி இல்லாமலே சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். தசையை வளர்க்கிற பயிற்சியையும் வாரம் இரண்டு நாள் சேருங்கள், யாக்னிக் படத்தை நினைத்துக்கொண்டு. சென்னையின் டாக்டர் ராமச்சந்திரன் குழு 531 முன்னீரிழிவுக்காரர்களை வைத்து நடத்தி 2006ல் வெளியிட்ட ஆய்வில், மூன்று ஆண்டுகளில் சும்மா விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேர் நீரிழிவுக்குப் போனார்கள், சாப்பாடும் நடையும் மாற்றியவர்களில் 39 சதவீதம்தான். எடை பெரிதாகக் குறையாமலே கிடைத்த பலன் அது.

மாத்திரை. எச்டிஎல்லை ஏற்றுகிற மருந்து கேட்காதீர்கள், நியாசின் கொடுத்து ஏற்றிப் பார்த்த பெரிய ஆய்வுகளில் மாரடைப்பு குறையவில்லை. ட்ரைகிளிசரைடுக்கும் அப்படியே, 2022ல் வந்த ப்ராமினென்ட் ஆய்வில் பெமாஃபைப்ரேட் என்ற மாத்திரை எண்ணை நன்றாக இறக்கியது, மாரடைப்பையும் பக்கவாதத்தையும் குறைக்கவில்லை. 212க்கு அந்த மாத்திரையை எழுதினால் ஏன் என்று மரியாதையோடு கேளுங்கள். கொலஸ்ட்ராலைக் குறைக்கிற ஸ்டாட்டின் மாத்திரை வேண்டுமா என்பது குடும்ப வரலாறு, புகை, நான்-எச்டிஎல் எல்லாம் சேர்த்து டாக்டர் முடிவு செய்ய வேண்டியது. பிரஷருக்கு ஒரு வாரம் வீட்டிலேயே காலையும் மாலையும் உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஓய்வுக்குப்பின் எடுத்து எழுதிக்கொண்டு போங்கள், கிளினிக்கில் எடுத்த ஒரு 132/86ஐ வைத்து யாரும் எதையும் தொடங்க வேண்டாம்.

மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் கொடுக்கும்போது, முந்தைய இரவு கல்யாண விருந்து இல்லாத நாளாகப் பாருங்கள், பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் மட்டும். பாலும் சர்க்கரையும் போட்ட காபியைக் குடித்துவிட்டு வந்து "காபிதானே சார்" என்பவர்கள் தினமும் இருக்கிறார்கள், அந்த எண் எதற்கும் உதவாது. அதே லேபிலேயே கொடுங்கள், இந்த ரிப்போர்ட்டையும் பழையது ஏதாவது இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு போய் டாக்டர் மேசையில் தேதி வாரியாக வையுங்கள். டேப்பில் வந்த இடுப்பளவைக் கையாலேயே ஒவ்வொன்றின் மூலையிலும் எழுதிவிடுங்கள், எந்த லேபும் அதை அச்சிட்டுத் தருவதில்லை.